தேன்பாறைக்கு எந்த நிறம்?

இந்தப் புதிரைப் பலரிடம் போட்டுப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கதை முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். நீங்களாவது கடைசிவரை பொறுமையாகக் கேளுங்கள்.

மலையடிவாரத்து நகரம் ஒன்றில் ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகம் இருந்தது. கதைக்கு வேண்டியவர்கள் அங்கே மூன்று பேர். செய்தி ஆசிரியர் சென்னியப்பன், எப்போது ஓய்வு பெறுவோம் என்று காத்திருந்தவர். ஷாஹிதா, புள்ளிவிவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்கித் தருபவள். ஜடையன், மலைக் கிராமங்களிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். மலைமேல் இருக்கும் தேன்பாறை அவருக்குச் சொந்த ஊர். அந்த ஊருக்கு பஸ் கிடையாது.

அந்த வருடம் மழைக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் பாம்புக்கடி. விஷமுறிவு மருந்தோடு ஆம்புலன்ஸ் ஒன்று மாவட்டத்துக்கு வந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊரில்தான் நிறுத்த வேண்டும் என்று எல்லா ஊர்க்காரர்களும் மனுவோடு வந்து நின்றதில் சுகாதார அதிகாரிக்குத் தலைவலி வந்துவிட்டது. சென்னியப்பனுக்குப் போன் செய்தார்.

"உங்க பேப்பர்ல மேப் போடப்போறீங்களாமா? அது வரட்டுமுங்க. எங்க அதிகமோ அங்க நிறுத்திடறேன். அப்புறம் யாரும் என்னைக் கேள்வி கேக்க முடியாதில்லீங்களா?"

பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

சென்னியப்பன் உட்கார்ந்த இடத்திலேயே "பாம்புக்கடி எங்கே அதிகம்?" என்று தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். ஷாஹிதா ஒவ்வொரு அரசு மருத்துவமனையாக ஏறி இறங்கி, அங்கே சிகிச்சைக்கு வந்தவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று விவரம் வாங்கினாள். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்ததில் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒருவழியாகப் படம் தயாரானது. எண்ணிக்கை அதிகமான ஊருக்கு அடர் சிவப்பு, குறைவானதற்கு இளஞ்சிவப்பு, ஒன்றுமே இல்லாத ஊருக்கு வெள்ளை. பஸ் போகும் சாலையை ஒட்டி ஊர்கள் சிவந்து கிடந்தன. சாலை முடிந்த இடத்தில் சிவப்பும் முடிந்தது. மலை முழுக்க வெள்ளை.

அன்று மாலை அலுவலகத்துக்கு வந்த ஜடையன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க மேடம், எங்கூர்ல ஒருத்தரைக்கூடப் பாம்பு கடிக்கலீங்களா?"

"ஆஸ்பத்திரிக் கணக்குல உங்க ஊர்ப் பேரே இல்லைண்ணா. நான் என்ன பண்ணட்டும்?"

"போன மாசந்தான் ராகிக் காட்டுல பாம்பு கடிச்சு எங்க அண்ணி செத்துச்சு. கம்பளியில தூளி கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். பாதி வழியிலயே உசிரு போயிருச்சுங்க. அப்படியே திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டோம்." திரையில் வெளுத்துக் கிடந்த மலையைத் தொட்டுக் காட்டினார். "அண்ணன் மக இப்ப அதே ராகிக் காட்டுக்குத்தான் போயிட்டு வருது."

ஷாஹிதாவுக்கு மனசு கனத்துப்போனது. ஆனாலும், "ஒருத்தர் வாயால சொன்னதை வெச்சு நம்பர் போட முடியாதுண்ணா" என்றாள். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் டீ குடிக்க எழுந்து போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் ஜடையன் ஒரு காரியம் செய்துவிட்டார். தேன்பாறைக்கு நேரே காலியாகக் கிடந்த கட்டத்தில் தனக்குத் தோன்றிய ஓர் எண்ணைத் தட்டினார். மலை சிவந்தது. மாவட்டத்திலேயே அதுதான் அடர் சிவப்பு.

வந்து பார்த்த ஷாஹிதா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டத் தெம்பும் இல்லை. "ஒரு பொய்க் கணக்கு வெளிய வந்துட்டா, நாளைக்கு நிஜக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டாங்கண்ணா" என்று சொல்லி அந்த எண்ணை அழித்தாள். மலை மறுபடியும் வெளுத்தது.

"அப்ப எங்க அண்ணி செத்தது பொய்யிங்களா?" என்று ஜடையன் குரலை உயர்த்தினார். சத்தம் கேட்டு சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சிவப்பாப் போட்டாப் பொய்யி. வெள்ளையாப் போட்டா இவரு வயித்தெரிச்சல். எனக்கு ரெண்டும் வேண்டாம்மா. மேப்பை எடுத்துட்டு அந்த எடத்துல மாட்டுச்சந்தை போட்டோவைப் போட்டு முடிச்சு விடு."

மறுநாள் மாட்டுச்சந்தை பளிச்சென்று வந்திருந்தது. வரைபடம் வராததால், யார் அதிகமாகச் சத்தம் போட்டார்களோ அவர்களுக்கே அதிகாரி வண்டியைக் கொடுத்துவிட்டார். அது இன்றைக்கும் நகரத்துப் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. பெரிய மருத்துவமனை அங்கிருந்து கூப்பிடு தூரம்.

இப்போது சொல்லுங்கள். ஜடையன் தன் ஊருக்காக இல்லாத எண்ணைப் போட்டார். கணக்கு கெடக்கூடாது என்று ஷாஹிதா அதை அழித்தாள். சென்னியப்பன் வம்பே வேண்டாமென்று படத்தையே தூக்கிவிட்டார். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஷாஹிதா என்று பெரும்பாலோர் சொல்வார்கள். மனசு இளகியவர்கள் ஜடையன் என்பார்கள். என்னைக் கேட்டால் யாருமே இல்லை. மூவரும் நிறத்துக்காக மல்லுக்கட்டினார்களே தவிர, தலைப்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷாஹிதா அலைந்து வாங்கி வந்தது, கடிபட்டபின் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. அதனால்தான் சிவப்பு பஸ்ஸோடு போய் பஸ்ஸோடு நின்றுவிட்டது. "பாம்பு கடித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள்" என்று தலைப்பை மட்டும் மாற்றியிருந்தால் ஓர் எண்ணையும் தொட்டிருக்க வேண்டாம். அவ்வளவு பெரிய மலையிலிருந்து ஏன் ஒருவர்கூட வந்து சேரவில்லை என்று அந்த அதிகாரியே கேட்டாக வேண்டியிருந்திருக்கும். ஜடையனின் அண்ணி அந்த வெள்ளையில்தான் இருந்தாள்.