தேரடி வாய மூடுன கதை

அட, கிட்ட வந்து உக்காருங்க. சின்னதுங்க முன்னால, பெருசுங்க பின்னால, வாயாடிங்க மட்டும் என் கைக்கு எட்டுற தூரத்துல.

உங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் மீசை மொளைக்காத காலத்துல, மருதங்குடின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு ஒரு ராசா. பெரிய ராசான்னு நெனச்சுக்காதீங்க. அவருகிட்ட இருந்தது ஒரே ஒரு யானை. அதுவும் பாதி நாளு படுத்தே கெடக்கும்.

அந்த ஊர்ல சடையாண்டின்னு ஒரு பெரியவரு. வாயில ஒத்தப் பல்லு கெடையாது. ஆனா வெத்தல இல்லாம பொழுது ஓடாது. பல்லில்லாத வாயி எப்படி வெத்தல மெல்லும்? அதுக்குத்தான் மடியில ஒரு குட்டி இரும்பு உரலு, ஒரு குட்டி உலக்க. வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு மூணையும் போட்டு இடிப்பாரு. டொக்... டொக்... டொடக்! டொக்... டொக்... டொடக்!

காலையில இடிப்பாரு. மத்தியானம் இடிப்பாரு. சாயங்காலமும் இடிப்பாரு.

மருமக பூவாத்தாவுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. "மாமா! இது வீடா, கொல்லப் பட்டறையா? காது கொடையுது மாமா!"ன்னு அடுப்படியில இருந்து கத்துவா.

"ஒன் வாயி ஒனக்கு, என் உரலு எனக்கு. போ புள்ள"ம்பாரு பெரியவரு. டொடக்!

மகன் உப்பு வண்டி ஓட்டிக்கிட்டு மலநாட்டுக்குப் போயிருந்தான். வீட்ல இவுங்க ரெண்டே பேருதான். காலையில சண்ட, மத்தியானம் சண்ட, சாயங்காலம் வக்கணையா ஒண்ணா உக்காந்து கூழு குடிப்பாங்க.

இப்ப தேரடிக்கு வாங்க. ஊரு நடுவுல பெரிய மரத்தேரு. வருசத்துக்கு ஒரு தடவதான் ஓடும். மத்த நாளெல்லாம் உச்சியில இருந்து அடி வரைக்கும் கீத்து கட்டி மூடி வச்சிருப்பாங்க. அந்தத் தேரு நெழல்லதான் ஊரே உக்காந்து பேசும். என்ன பேசும்? அடுத்த வீட்டுக் கொழம்புல உப்பு எம்புட்டுங்கற வரைக்கும் பேசும்.

அதுல மூணு பேரு பெரிய தலைங்க. ஒருத்தரு செக்கு ஓட்டுற காளிங்கன். தொண்டையச் செருமாம அவருக்குப் பேச்சு வராது. "க்கும்! விசயம் என்னன்னா..." ரெண்டாவது பூக்கட்டுற செம்பாயி. "நான் சொல்லலப்பா, ஊரு சொல்லுது"ம்பா. அந்த ஊரே அவதான். மூணாவது சோசியரு நரசய்யா. மூக்காலயே பேசுவாரு. "ஞான் அப்பவே சொன்ஞேன்!" எப்ப சொன்னாருன்னு மட்டும் கேக்கக் கூடாது.

ஒருநா சடையாண்டி தன் வீட்டுக் கொல்லையில, முருங்க மரத்தடியில குனிஞ்சு என்னத்தையோ பொதைக்கிறத செம்பாயி பாத்துட்டா. அவ்வளவுதான்! காலையில அது ஒரு சின்னச் செப்பு. மத்தியானம் ஒரு பானை. சாயங்காலம் காளிங்கன், "க்கும்! ஏழு குடம் தங்கம்பா"ன்னுட்டாரு.

மறுநா விடிஞ்சா பெரியவரக் காணோம்.

கட்டிலு கவுந்து கெடக்கு. வாசல்ல ஒத்தச் செருப்பு. கொல்லப் பக்கமா ஆள இழுத்துட்டுப் போன தடம். பூவாத்தா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஊரக் கூப்புட்டா. ஊரும் வந்துச்சு. வந்து, எட்டிப் பாத்து, அந்தத் தடத்த மிதிச்சு மிதிச்சே அழிச்சிட்டுத் தேரடிக்குப் போயி உக்காந்துருச்சு.

"க்கும்! விசயம் என்னன்னா, இது வடக்கத்திக் கொள்ளக்காரன் வேல. குதிரையில வந்தான். குளம்புச் சத்தத்த இந்தக் காதாலயே கேட்டேன்." அவருக்கு அன்னிக்குப் பூரா செக்குச் சத்தத்தத் தவிர ஒண்ணும் கேக்கலங்கறது வேற கத.

"ஞான் அப்பவே சொன்ஞேன்! சனி ஒம்பதுல நிக்கிறான். ஆளு தெக்கால போயி, கெணத்துல இருக்காரு."

"கெணத்துல எப்படி விழுவாரு? தள்ளாமயா விழுவாரு?" செம்பாயி குரல எறக்குனா பாருங்க, எறக்குனாத்தான் நாலு தெருவுக்குக் கேக்கும். "தெனமும் அந்த உரலுக்காகச் சண்ட போட்டது யாரு? தங்கத்த யாரு எடுத்துக்குவா? நான் சொல்லலப்பா, ஊரு சொல்லுது."

எல்லாரும் பூவாத்தா வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

சரி, உங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். பெரியவரு எங்க இருந்தாரு தெரியுமா? அவுங்க தலைக்கு மேல! அதே தேருக்குள்ள, கீத்துக்குப் பின்னால, வாயில துணிய அடைச்சு, காலக் கட்டி, கைய முன்னால கட்டிப் போட்டிருந்தாங்க. கட்டுனவனுக்குத் தெரியும், வருசம் பூரா எவனும் தேருல ஏற மாட்டான்னு. இந்த எரைச்சல்ல கூப்புட்டாலும் எவனுக்கும் கேக்காதுன்னும் தெரியும். இருட்டுனதும் மொகத்த மூடிக்கிட்டு ரெண்டு பேரு வருவானுங்க. கொஞ்சம் கஞ்சி ஊத்துவானுங்க. "ஏழு குடமும் எங்கெங்க?"ன்னு கத்தியக் காட்டுவானுங்க. விடியுற வரைக்கும் அவர அசைய விடாம பக்கத்துலயே உக்காந்திருப்பானுங்க.

பகல்ல பெரியவரு என்ன செய்வாரு? தன்னக் கெணத்துல தள்ளுன கதையத் தானே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு, பாவம். கட்டுன கையாலயே மடியில இருந்த உரல எடுத்தாரு. வெத்தல ஏது, பாக்கு ஏது? வெறும் உரலத்தான் இடிச்சாரு. டொக்... டொக்... டொடக்!

ஒருத்தருக்குக் கேட்டுச்சு. நம்ம சோசியருக்கு. என்ன சொன்னாரு? "தேருல மு­ஞி ஏறிருச்சு!" அவ்வளவுதான், முனியப் பத்திப் பேச இன்னும் அம்பது பேரு வந்து உக்காந்துட்டாங்க. இருந்த எரைச்சல் ரெட்டிப்பாச்சு.

பேச்சு அரமனைக்குப் போச்சு. ராசா யானைய எழுப்பிப் பாத்தாரு, அது எந்திரிக்கல. நடந்தே வந்தாரு.

"ஊரே ஒரே வாயாச் சொல்லுது. பூவாத்தா, பொழுது சாயறதுக்குள்ள மாமனாரு எங்கன்னு சொல்லிரு. இல்லன்னா செம்புள்ளி கரும்புள்ளி குத்தி, கழுதமேல ஏத்தி, ஊர விட்டு அனுப்பிருவேன்."

அங்க தேருக்குள்ள, முந்தின ராத்திரி அந்த ரெண்டு பேரும் பெரியவருகிட்டச் சொல்லிட்டுப் போயிருந்தானுங்க, "இன்னும் ஒரு ராத்திரிதான். சொல்லலன்னா ஆத்துல போட்டுருவோம்"னு. பொழுது சாஞ்சா மருமகளுக்குக் கழுத, மாமனுக்கு ஆறு. புரியுதா?

பூவாத்தா அழல. கண்ணு வத்திப் போச்சு.

"ராசா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க மாமாவோட அந்த உரலும் வீட்ல இல்ல. உரலு இருக்குற எடத்துல மாமா இருப்பாரு. மாமா இருக்குற எடத்துல அது சும்மா இருக்காது. காட்ல போயிக் காத வச்சுப் பாத்துட்டேன். ஆத்தங்கரையில பாத்துட்டேன். கெணத்துக்குக் கெணறு குனிஞ்சு பாத்துட்டேன். ஊருக்குள்ள மட்டும் என்னால கேக்க முடியல ராசா. ஒரு வெத்தல மெல்லுற நேரம், இவுங்கள வாய மூடச் சொல்லுங்க."

"இவ்வளவுதானா? எல்லாரும் வாய மூடுங்க!"ன்னாரு ராசா.

மூடுனாங்க. கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள செம்பாயி, "எதுக்குடி மூடச் சொல்றா?"ன்னா பக்கத்துல நின்னவகிட்ட. "உஷ்!"னா அவ. "நீ யாருடி எனக்கு உஷ்ங்கறதுக்கு?" "உஷ்ஷ்!" "நீ உஷ்ஷு!" உஷ்ஷு உஷ்ஷுன்னே ஊரு ரெண்டுபட்டுப் போச்சு.

ரெண்டாந்தடவ மூடுனாங்க. கொஞ்சம் அமைதி. இன்னும் கொஞ்சம் அமைதி. பூவாத்தா காத சாய்ச்சா. அப்ப ஒரு கொரலு: "ஆகா! எம் மக்கள் எம்புட்டு அமைதி, பாத்தீங்களா!" யாரு? ராசாதான்! ஊரே சிரிச்சுப்புடுச்சு.

பொழுது மேக்கால எறங்கிருச்சு. பூவாத்தா தரையில விழுந்து, ரெண்டு கையும் கூப்புனா. "என்னக் கழுதமேல ஏத்துங்க, நான் ஏறிக்கிறேன். எம் மாமா எங்கயோ இருட்டுல கெடக்காரு. ஒரே ஒரு தடவ... அவருக்காக."

அப்பத்தான் ஊருக்குக் கொஞ்சம் ஒறைச்சுது. அவுங்க வாய அவுங்களே நம்பல. அதனால ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருந்தவன் வாயப் பொத்துனாங்க. செம்பாயி சோசியரோட மூக்கையும் சேத்துப் பொத்துனா, ஏன்னா அவரு அது வழியாத்தான பேசுவாரு. ராசா மேல்துண்டச் சுருட்டித் தன் வாயிலயே வச்சுக்கிட்டாரு.

அப்ப வந்துச்சு பாருங்க அமைதி. அரசமரத்து எல சலசலக்குறது கேட்டுச்சு. எங்கயோ ஒரு கன்னுக்குட்டி கழுத்து மணி கேட்டுச்சு. அப்பறம்...

டொக்.

டொக்.

டொடக்.

"மாமா!"ன்னு கத்துனா பூவாத்தா. "மேல! தேருல!"

கீத்தப் பிச்சு எறிஞ்சாங்க. பெரியவரத் தோள்ல தூக்கி எறக்குனாங்க. வாயில இருந்த துணிய எடுத்ததும் அவரு சொன்ன மொத வார்த்த: "தண்ணி." ரெண்டாவது: "வெத்தல." மூணாவது காளிங்கனப் பாத்து: "குதிரையா வந்துச்சு? எந்தக் குதிரடா?"

ராசா கேட்டாரு, "பெரியவரே, எதுக்கு ஒங்களத் தூக்குனானுங்க?"

"ஏழு குடம் தங்கத்த எங்கெங்க பொதச்சன்னு கேட்டானுங்க ராசா. நான் பொதச்சதே முருங்க மரத்தடியில கொஞ்சம் கருப்பட்டிதான்டான்னு தலையில அடிச்சுச் சொன்னேன். ஊரே தங்கம்னு சொல்லும்போது நீ என்னடா கருப்பட்டிங்கறன்னுட்டானுங்க."

"கருப்பட்டியா?" பூவாத்தா இடுப்புல கைய வச்சா. "எலி தின்னுருச்சுன்னு சொன்னீகளே மாமா!"

"அந்த எலி நாந்தான் தாயி."

ஊரு சிரிச்சுது. ஆனா பாதியிலயே நின்னு போச்சு. தங்கம்னு சொன்னது யாரு, தடத்த மிதிச்சது யாரு, இந்தப் புள்ளயக் கழுத வரைக்கும் கொண்டு போனது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

"சரி, தூக்குனது யாரு?"ன்னாரு ராசா.

"தெரியல ராசா."

"ஒங்களுக்கே தெரியலயா? ஒரு மாதிரியா ஊகிச்சாவது சொல்லுங்களேன்."

"மொகத்துல துணி. கொரல மாத்திப் பேசுனானுங்க. அங்க இருந்தவன் நாந்தான், எனக்கே தெரியல. ஊகிச்சு ஒரு பேரச் சொன்னா, நாளைக்கு அவன் கழுதமேல போவான்."

அந்த ரெண்டு பேரும் அன்னிக்குக் கூட்டத்துலயே வாயப் பொத்திக்கிட்டு நின்னானுங்களோ, இல்ல... அட, பாத்தீங்களா? நானே ஆரம்பிச்சிட்டேன்! கடேசி வரைக்கும் யாருன்னு தெரியல. அங்க முணுமுணுக்குற தம்பி, ஒனக்கும் தெரியாது.

தேரடி திரும்பவும் அமைதியாச்சு. இந்தத் தடவ யாரும் மூடச் சொல்லல. எல்லாரும் காளிங்கனப் பாத்தாங்க. அவரு, "க்கும்! விசயம் என்னன்னா..."ன்னு ஆரம்பிச்சாரு. நிறுத்துனாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "எனக்கும் தெரியல"ன்னாரு.

பூவாத்தா பக்கத்துக் கடையில நாலு வெத்தல வாங்கியாந்து, காம்பு கிள்ளி, மாமன் கையில குடுத்தா. "இடிங்க மாமா."

"சத்தம் ஒனக்கு ஆகாதே புள்ள?"

"இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு. நாளையில இருந்து திட்டுறேன்."

டொக்... டொக்... டொடக்!

அதனால கதையக் கேட்டவுக எல்லாரும் மடியில முடிஞ்சுக்கங்க: காணாமப் போனவங்களத் தேடணும்னா, தெரியாததத் தெரியலன்னு சொல்லிட்டு, வாய மூடிக் காதத் தொறந்து வைக்கணும்.