உள்ளானுக்குப் புரியாத விடை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் வடக்கே பனி பெய்கிற ஊர்களிலிருந்து வருகிற பறவைகளுக்கு நம் பேச்சு அரைகுறை. கொக்கும் காக்கையும் இங்கேயே பிறந்ததுகள், வாய் ஓயாது. உள்ளான் பாவம், கையளவுப் பறவை, காதில் விழுந்த சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளும். வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

அப்போதெல்லாம் உள்ளான் கடலோரத்தில் இப்படி ஓடாது. ஒரே இடத்தில் நின்று, ஈர மணலில் மூக்கை விட்டு நிதானமாகப் புழு தின்னும். நம்பினால் நம்புங்கள்.

ஒரு ஐப்பசியில் கூட்டத்தோடு ஓர் இளம் உள்ளான் கோடிக்கரைக்கு வந்தது. அதற்கு அதுதான் முதல் பயணம். வந்த கையோடு புயல்மழை பிடித்துக்கொண்டது. கருவாடு காயவைக்கிற காத்தாயி, மணலில் நனைந்து சுருண்டு கிடந்த அதைப் பார்த்துவிட்டு, மேலே கூடையைக் கவிழ்த்துக் காப்பாற்றினாள். பிறகென்ன, உள்ளானுக்கு அவள் அக்கா ஆகிவிட்டாள். மாசி வரைக்கும் அவள் காலைச் சுற்றியே திரிந்தது. கொக்கு கேலி செய்தது. உள்ளானுக்குக் கேலியும் புரியவில்லை.

பங்குனி பிறந்தது, வெயில் ஏறியது. தெற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பியதும் மூத்த உள்ளான் எல்லாரையும் கூப்பிட்டது. இந்தக் காற்றைப் பிடித்தால்தான் ஊர்போய்ச் சேரலாம், தவறவிட்டால் தனியாக வழி தெரியாது, வெயிலில் கருக வேண்டியதுதான் என்று எச்சரித்தது. இளம் உள்ளானும் கிளம்பத் தயாரானது. ஆனாலும் அக்காவிடம் சொல்லாமல் எப்படிக் கிளம்புவது?

அவளிடம் போய், "அக்கா, நான் போறேன்" என்றது.

காத்தாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிற வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? போகிறவர் 'போயிட்டு வரேன்' என்பார், இருப்பவர் 'போயிட்டு வா' என்பார். வெறும் 'போ' அவள் வாயில் வந்ததே கிடையாது. சொன்னால் போனவர் திரும்பமாட்டார் என்று அவளுக்கு அவ்வளவு பயம்.

"அப்படிச் சொல்லாதடா கண்ணு. போயிட்டு வா" என்றாள்.

உள்ளான் யோசித்தது. போகவும் சொல்கிறாள், வரவும் சொல்கிறாள். சரியென்று அலை வரைக்கும் போனது, திரும்பி ஓடிவந்து நின்றது. காத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. இப்படி இல்லை, கூட்டத்தோடு போயிட்டு வா என்று விளக்கினாள். அது கூட்டம் நின்ற இடத்துக்குப் போனது, திரும்பவும் வந்தது. எப்படிச் சுற்றிச் சுற்றிச் சொன்னாலும் அவள் கடைசியில் 'வா' என்றுதான் முடித்தாள். அதுவும் வந்துகொண்டே இருந்தது. இதில் யார் யாரைக் குழப்பினார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குள் கூட்டம் எழும்பிவிட்டது. மூத்த உள்ளான் மேலேயிருந்து அவசரப்படுத்தியது. கீழே நின்ற இளம் உள்ளான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது.

"அக்கா, நான் போகணுமா, வரணுமா?"

காத்தாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"போ" என்றாள்.

 அக்காவே விரட்டிவிட்டாளே என்று உள்ளான் எழும்பிப் பறந்தது. கூட்டத்தைத் தொட்டபின் குனிந்து பார்த்தால், காத்தாயி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று 'வா, வா' என்று கத்திக்கொண்டிருக்கிறாள். திரும்பினால் கூட்டம் போய்விடும். ஒன்றும் விளங்காமல் அழுதுகொண்டே வடக்கே போனது.

அதன்பிறகு மாதக்கணக்காகக் காத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை. என் வாயாலேயே கொன்றுவிட்டேனே என்று புலம்பினாள். ஐப்பசியில் வாடைக்காற்றோடு கூட்டம் இறங்கியது. அதிலிருந்து ஓர் உள்ளான் நேரே அவள் காலடிக்கு வந்தது.

"அக்கா, அன்னைக்கு நீ சொன்னது போன்னா, வான்னா?"

காத்தாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ரெண்டுந்தான்டா" என்றாள்.

உள்ளானுக்குப் பிடிபடவில்லை. அலை வரைக்கும் போய்ப் பார்த்தது, திரும்பி வந்து பார்த்தது. கூட்டத்திடம் போய்க் கேட்டது. அவற்றுக்கும் தெரியவில்லை, அவையும் கூடவே ஓடிப் பார்த்தன.

அன்று முதல்தான் உள்ளான்கள் ஐப்பசியில் வந்து பங்குனியில் போகிற வரைக்கும், இங்கிருக்கிற நாளெல்லாம் அலையைப் பார்த்து ஓடுவதும் திரும்புவதுமாக இருக்கின்றன, அக்கா சொன்னதில் எது என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு.