அழாத பயணிகளின் ரயில்

"எம் குலத்தில் பதினேழு தலைமுறையாக எவர் கண்ணும் நனைந்ததில்லை. வெங்காயம் உரித்தபோதுகூட இல்லை."

மெட்ரோ ரயில் வந்துவிட்ட, மன்னர்கள் இன்னும் போய்விடாத காலம் ஒன்று முன்பு இருந்தது. அக்காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட வச்சிரகேசரி மன்னர்தான் சபையில் இப்படி அறிவித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

தாயில்லாத மன்னரை எடுத்து வளர்த்த அக்கா பெருந்தேவி, நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேரில் போனால் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டியிருந்ததால், மன்னர் தினமும் மெட்ரோவில் போய்ப் பார்த்து வந்தார். முந்தின நாள் திரும்பும்போது, அவரோடு ஏறிய ஒரு பெண் கடைசிப் பெட்டியின் மூலை இருக்கையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அரண்மனை நிலையம் வரை அழுதுகொண்டே வந்தாள்.

"பொது இடத்தில் என்ன அழுகை? என் அக்காவும்தான் படுத்திருக்கிறார். நான் அழுதேனா? இந்தப் பழைய ரயில்களைக் கழித்துக் கட்டுங்கள். புதிய தலைமுறை ரயில் வாங்குங்கள். அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழக்கூடாது!"

தலைமை அமைச்சர் கீர்த்திவாணருக்கு வாயெல்லாம் பல். அரசவை விகடர் திருமேனியை ஒழிக்க அவர் ஆறு வருடமாக வழி தேடிக்கொண்டிருந்தார். திருமேனி தும்மினாலும் மன்னர் சிரிப்பார். அமைச்சர் நகைச்சுவையே சொன்னாலும் மன்னர் குறிப்பெடுத்துக்கொள்வார்.

அமைச்சருக்கு ஒரு ரகசியமும் தெரியும். திருமேனியின் மனைவி போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனாள். சபையில் அவர் சிரிக்கவைக்க வேண்டும். வீட்டில் இரண்டு மகள்கள். அங்கேயும் சிரித்த முகம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, மாலை ரயிலில், அதே மூலை இருக்கையில் பதினொரு நிமிடம். அவருக்கு அழக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

"மன்னா, கொள்முதலைத் திருமேனியிடமே ஒப்படைக்கலாம். சோதனை ஓட்டத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் நாடு கடத்திவிடலாம்."

"நல்ல யோசனை. என்ன திருமேனி?"

"உத்தரவு மன்னா. நாடு கடத்தறப்போ மெட்ரோவுல அனுப்புவீங்களா, நடந்தே போகணுமா?"

மன்னர் சிரித்தார். அமைச்சர் சிரிக்காமல் போய் டெண்டர் நிபந்தனைகளைத் தன் கையாலேயே எழுதினார். ஓட்டுநர் வேண்டாம், தானே ஓடும் ரயில். நிற்க இடம் நிறைய. மூலை இருக்கைகளை நீக்கி அங்கே கம்பி நட வேண்டும். நின்றுகொண்டு அழ எவரும் கூச்சப்படுவர். நாற்பத்தோராம் பக்கத்தில் இது இருந்தது. திருமேனி அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார்.

எட்டு மாதத்தில் முதல் ரயில் கப்பலில் வந்து இறங்கியது. அதற்குள் பெருந்தேவி மூன்று முறை வீடு திரும்பி, மூன்று முறை ஆஸ்பத்திரிக்கே போயிருந்தார்.

சோதனை ஓட்டத்தன்று அமைச்சர் பன்னிரண்டு ஒப்பாரிப் பெண்களோடு நடைமேடைக்கு வந்தார். நாட்டிலேயே தேர்ந்த குரல்கள்.

"ஏறுங்கள் அம்மா, ஏறுங்கள்."

திருமேனி கதவை மறித்தார். "எங்கம்மா போறீங்க? சான்றிதழ் வாங்காத ரயில்ல உயிருள்ள யாரும் ஏறக்கூடாது. முதல் ஓட்டத்துல ஆளுக்குப் பதிலா மணல் மூட்டை. தலைக்கு அறுபத்தைந்து கிலோ. மெட்ரோவுல இதான் வழக்கம், அமைச்சரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

எட்டிப் பார்த்தார்கள். ஆயிரம் மூட்டைகள், முண்டியடிக்காமல் நின்றிருந்தன.

"அப்ப நாங்க யாருக்குங்க அழறது?" என்றாள் பெண்களில் மூத்தவள்.

"அமைச்சருக்கு அழுங்கம்மா. இன்னிக்கு அவருக்குத் தேவைப்படும்."

ரயில் போய்த் திரும்பியது. நடைமேடையில் காத்திருந்த மன்னர் உள்ளே ஏறித் தரையைத் தடவிப் பார்த்தார். அமைச்சர் பின்னாலேயே ஏறி, ஒரு மூட்டையைக் காட்டிக் கூவினார். "மன்னா! இது அழுகிறது!"

மூட்டை கிழிந்து மணல் சொரிந்துகொண்டிருந்தது. திருமேனி ஒரு பிடி அள்ளி மன்னரின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஈரம் இருக்கா மன்னா?"

"இல்லை." மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆனாலும் திருமேனி, இது மணல்தானே?"

"அழாத பயணி கேட்டீங்க மன்னா. ஊரெல்லாம் தேடினேன். இதைத் தவிர வேற சரக்கு இல்ல."

"வென்றுவிட்டாய். என்ன பரிசு வேண்டும்?"

"கடைசிப் பெட்டியில ஒரு மூலை இருக்கை. சுவரைப் பார்த்த மாதிரி."

"யார் உட்கார?"

திருமேனி கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"அவரேதான் மன்னா!" என்றார் அமைச்சர். "தினமும் மாலை அங்கே உட்கார்ந்து அழுகிறார். பெண்டாட்டி போன துக்கமாம்."

"நீயா? விகடன் அழுவதா!" மன்னருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திருமேனியின் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஒன்று என்ன, இரண்டாக வைத்துக்கொள். இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. இங்கே அழுதுவிட்டு அங்கே போய் மீதியை அழு! எம் குலத்தில் எவருக்கும் அது தேவைப்படாது."

திருமேனியும் சிரித்தார். அது அவர் வேலை.

மார்கழியில் பெருந்தேவி இறந்தார். மன்னர் உலர்ந்த கண்களோடு எல்லாச் சடங்கும் செய்தார். சபை வியந்தது. அமைச்சர் பதினேழாம் தலைமுறையும் அழவில்லை என்று கல்வெட்டுக்கு ஏற்பாடு செய்தார்.

காரியம் முடிந்த மறுநாள் மாலை, திருமேனி புதிய ரயிலில் இடப்பக்க மூலையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி நிலையத்தில் தலையில் துண்டைப் போட்ட உயரமான ஒருவர் ஏறினார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள், நோயாளி போனபின் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கும் பொருள்கள்: ஒரு சீப்பு, ஒரு வெந்நீர் பிளாஸ்க், ஒரு ஜோடி செருப்பு. அரண்மனைக்கு எதிர்த்திசையில் போகும் ரயில் அது. அவர் வலப்பக்க மூலைக்குப் போய், பையை மடியில் வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

விரலில் முத்திரை மோதிரம் இருந்தது. சற்று நேரத்தில் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தமே இல்லை.

திருமேனி தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய நிலையம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. அவர் இறங்கவில்லை. எழுந்து நடந்தால், இங்கே இன்னொருவன் இருந்தது துண்டுக்குள் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.