கை நனையாத வீடு

காதும் பொழுதும் உள்ளவர்களே, சற்று நெருங்கி உட்காருங்கள். கடலில் பாய்மரக் கலங்கள் மட்டுமே ஓடிய காலத்தில், வெண்சங்குத் துறை என்ற ஊரில், இருளப்பன் என்றொரு கயிற்றுக்காரன் இருந்தான். கயிற்றுக்காரன் கதை என்பதால் நானும் கயிறு திரிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இருளப்பன் தென்னை நாரில் தோணிக் கயிறு திரிப்பான். மனைவி வெள்ளச்சி ராட்டையைச் சுற்றுவாள். அவன் நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, விரல்களால் நாரை விட்டபடியே பின்னோக்கி நடப்பான். காலையில் ஆரம்பித்தால் உச்சிப்பொழுது வரை பின்னோக்கியேதான் நடை. அவர்களுக்குச் சின்னி என்று ஒரே மகள்.

அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. இரண்டு அறை, ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு முருங்கை. வீடு அவனுடையதுதான், ஆனால் வீட்டின் அடமான ஓலை அரங்கமுத்துச் செட்டியாரின் பெட்டியில் இருந்தது. வீடு வாங்க அவரிடம் நூறு பணம் கடன் பட்டிருந்தான். ஒவ்வொரு தை அமாவாசைக்கும் பன்னிரண்டு பணம் கட்டினால் பன்னிரண்டு ஆண்டில் கடன் தீரும். கூடுதலாகக் கட்டினால் வட்டி குறையும், கடன் தீர்ந்ததற்கு அடையாளமாக ஓலையையும் சீக்கிரம் கிழித்துவிடுவார்கள்.

"பன்னிரண்டு எதுக்கு? நான் இருபது கட்டுறேன்" என்றான் இருளப்பன். அதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய அப்பா முக்கால் கடனை அடைத்துவிட்டுச் செத்துப்போனார். ஓலை கிழியாததால் வீடு கைவிட்டுப் போனது. மழையில் சட்டிபானையோடு தெருவில் நின்றபோது இருளப்பனுக்கு எட்டு வயது. அந்த மழை அவன் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. அவனைக் கஞ்சன் என்று ஊர் சொன்னது. நான் சொல்லமாட்டேன். பாவம், பயந்தவன்.

இருபது பணம் சும்மா வருமா? வெற்றிலையை நிறுத்தினான். பொரியலை நிறுத்தினான். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினான். அதோடு நின்றிருந்தால் எனக்கு இங்கே சொல்லக் கதையே இல்லை.

இரண்டாம் ஆண்டில் தோணிக்காரன் சாமிக்கண்ணு முழங்கை நீள வஞ்சிர மீனோடு வாசலுக்கு வந்தான். "தம்பி, நேத்து அடிச்ச காத்துல எல்லார் தோணியும் போச்சு. உன் கயிறு என் தோணியை விடலை. இதைக் குழம்பு வைக்கச் சொல்லு, ஆளுக்கு ரெண்டு வாய் சாப்பிடுவோம்" என்றான். குழம்புக்குப் புளி வேண்டும், எண்ணெய் வேண்டும், அவன் சாப்பிட உழக்கு அரிசியாவது வேண்டும் என்று இருளப்பனின் மனம் கணக்குப் போட்டது. "கடன் தீரட்டும்ண்ணே" என்றான். மீன் வந்த வழியே திரும்பிப் போனது.

மூன்றாம் ஆண்டில் வெள்ளச்சியின் அண்ணன் குருந்தன், தங்கையைப் பார்க்க அரை நாள் நடந்து, கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டானோடு வந்தான். இருளப்பன் வாசலிலேயே நிறுத்தி நார் விலையைப் பற்றிப் பேசினான். ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தான். "கடன் தீரட்டும் மச்சான், விருந்தே வைக்கிறேன். இப்ப வெயிலுக்கு முந்திக் கிளம்புங்க" என்றான். வெயில் அப்போது உச்சந்தலையில் இருந்தது. வெள்ளச்சி நிமிர்ந்து பார்க்காமல் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நான்காம் ஆண்டில் சின்னிக்கு ஒன்பது வயது. தோழிகளைக் கூட்டி முற்றத்தில் கூட்டாஞ்சோறு ஆக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து, சிறுமிகள் தாங்களே பொங்கித் தின்னும் விளையாட்டு அது. வெள்ளச்சி அதற்காகக் கையகலப் பானைகள் மூன்று வாங்கி வைத்திருந்தாள். "விறகு யார் குடுப்பா? கடன் தீரட்டும்மா" என்றான் இருளப்பன். பானைகள் பரணுக்குப் போயின.

இப்படியாக ஆறாம் தை அமாவாசை வந்தது. கடைசித் தவணைப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு, மனைவி மகளோடு ஊர்ச் சாவடிக்குப் போனான். பன்னிரண்டு ஆண்டுக் கடனை ஆறே ஆண்டில் அடைத்தவன்! கால் தரையில் பாவவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ ஒருவன் அடுத்தவன் வீட்டைத் தன் வீடு என்று சொல்லி ஓலையைக் கிழிக்கவைத்து வீட்டையே எடுத்துக்கொண்டானாம். அதிலிருந்து, ஓலை கிழிக்கும்போது வீட்டார் அல்லாத மூன்று பேர் வந்து, கடல்நீர்க் கிண்ணத்தில் கையை விட்டு, "நான் இவன் வீட்டில் கை நனைத்திருக்கிறேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். அதாவது, உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். ஓலை கிழிக்கும் நாளில் போட்ட சோறு செல்லாது. தை அமாவாசை தவிர வேறு நாளில் ஓலையும் கிழியாது.

இது இருளப்பனுக்குத் தெரியாததல்ல. இத்தனை பெரிய ஊரில் மூன்று பேருக்கா பஞ்சம் என்று இருந்துவிட்டான்.

செட்டியார் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். ஊர்க் கணக்கர் கிண்ணத்தை நடுவில் வைத்தார். "கை நனைச்சவங்க வாங்கய்யா."

யாரும் வரவில்லை.

அமாவாசைக்குக் கடலாட வந்திருந்த குருந்தன் கூட்டத்தில் நின்றிருந்தான். "மச்சான், வாங்க" என்றான் இருளப்பன். "நான் தண்ணிதான் குடிச்சேன் மாப்ளே. அதுல தொண்டைதானே நனைஞ்சது" என்றான் குருந்தன். கூட்டம் சிரித்தது. குருந்தன் சிரிக்கவில்லை.

இருளப்பன் செட்டியார் கையிலிருந்த ஓலையைப் பார்த்தான். ஓலை இன்னும் கிழியவில்லை. அப்பாவின் ஓலையும் கிழியாமல்தான் கிடந்தது. இன்னும் ஒரு வருடத்தில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பக்கத்தில் நின்ற சாமிக்கண்ணுவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான். "அண்ணே, சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ரெண்டு பணம் தர்றேன்."

சாமிக்கண்ணு அவனை உற்றுப் பார்த்தான். "ரெண்டு பணமா? அன்னைக்கு ரெண்டு வாய் சோறு போட்டிருந்தா இன்னைக்குச் சும்மாவே வந்து சொல்லியிருப்பேனே, தம்பி."

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தான். செட்டியார் நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கு அவர் வாயில் தானாக ஓடும். "கவலைப்படாதே. கடன் தீர்ந்ததுன்னு சபையறியச் சொல்லிட்டேன். இனி வட்டி கிடையாது. ஓலையை அடுத்த தை அமாவாசைக்குக் கிழிச்சுக்கலாம்" என்றார். பிறகு விரல் மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வருஷத்துக்கு ரெண்டு பணம் குறைச்சுக் கட்டியிருந்தாலும் உன் கடன் அடுத்த தை அமாவாசைக்குத் தீர்ந்திருக்கும், இருளப்பா. ஓலையும் அன்னைக்குத்தானே கிழியப்போகுது?"

இருளப்பனும் விரல் மடக்கிப் பார்த்தான். இரண்டே பணம். ஒரு மீன் குழம்பும் ஒரு மச்சான் விருந்தும் ஒரு கூட்டாஞ்சோறும் அந்த இரண்டு பணத்துக்குள் அடங்கியிருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது வெள்ளச்சிதான் பேசினாள். "முறுக்குத் தளர்ந்தா கயிறு தோணியை விட்டுடும். முறுக்கு மிஞ்சினா கயிறு தானே சுருண்டுக்கும். ராட்டையை எப்ப நிறுத்தணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

அவன் நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டான். மழையில் நின்ற எட்டு வயதுப் பையன் அழவேண்டிய அழுகையும் அதில் இருந்தது.

மறுநாளே சின்னியைக் கூப்பிட்டான். "உன் கூட்டாளிகளைக் கூட்டிட்டு வா தாயி. கூட்டாஞ்சோறு ஆக்கலாம்."

சின்னிக்கு இப்போது பதினொன்று முடிந்திருந்தது. அவள் தயங்கினாள். "செல்லாயி வீட்டோட வேற ஊருக்குப் போயிட்டாப்பா. மத்தவங்களும் விளையாட வர்றதில்ல. அது சின்னப் புள்ளைங்க ஆட்டம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எந்தச் செட்டியாரிடம் எத்தனை பணம் கட்டினாலும் திரும்பி வராத ஒன்று உண்டு என்று அவனுக்கு அன்று தெரிந்தது.

அந்த ஆண்டு இருளப்பன் ஒன்றும் வாரி இறைத்துவிடவில்லை. பத்துப் பணம் வந்தால் ஒன்பதைப் பத்திரப்படுத்தினான், ஒன்றைச் சோற்றுக்கும் சிரிப்புக்கும் விட்டான். சாமிக்கண்ணு மீனோடு வந்தான், உட்கார்ந்து இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினான். குருந்தன் வந்தான், மூன்று நாள் தங்கினான். நார் விற்க வருகிறவர்கள்கூட ஒரு வாய் மோர்ச்சோறு தின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த தை அமாவாசை வந்தது. "கை நனைச்சவங்க வாங்கய்யா" என்றார் கணக்கர். முதல் மூவர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் வந்தார்கள். கிண்ணத்துத் தண்ணீர் எல்லாம் வெளியே சிந்திப்போக, "போதுமய்யா, கடலையே கொண்டுவந்தாலும் காணாது!" என்று கணக்கர் கையெடுத்துக் கும்பிட்டார். செட்டியார் ஓலையைக் கிழித்தார்.

வீடு திரும்பியதும் இருளப்பன் பரணில் ஏறினான். புகையே படாத அந்த மூன்று குட்டிப் பானைகளை இறக்கி, தெருவில் விளையாடிய வாண்டுகளைக் கூப்பிட்டுக் கொடுத்தான். அவர்கள் முற்றமெல்லாம் அமளி பண்ணிப் பொங்கினார்கள். சோறு பாதி வேகவில்லை, பாதி தீய்ந்திருந்தது. இருளப்பன் வாண்டுகளோடு வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். தீய்ந்த சோற்றை அவன் முகம் சுளித்தபடி விழுங்கியதைப் பார்த்துச் சின்னி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளச்சி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏழு வருஷத்துல இன்னைக்குத்தான் இந்த வீட்டுல நீங்க கை நனைக்கிறீங்க."

என் கதை அவ்வளவுதான். எழுந்து போகும்போது இதை மட்டும் மடியில் முடிந்துகொள்ளுங்கள்: கடனைச் சீக்கிரம் அடைப்பது நல்லதே, ஆனால் வீட்டை மீட்கும் அவசரத்தில் அந்த வீட்டில் வாழவேண்டிய நாட்களை அடகு வைத்துவிடக் கூடாது.