பூனையின் சொல் செல்லாமல் போன கதை

விலங்குகள் பேசினால் மனிதருக்குப் புரிந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை மேட்டில் குருவம்மா என்றொருத்தி ஆடு வளர்த்து வந்தாள். கட்டினவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. துணைக்கு ஒரு பூனை. அவள் உட்கார்ந்தால் மடி பூனைக்கு, படுத்தால் தலைமாடு பூனைக்கு.

நரிகள் வந்து ஆட்டுக்குட்டிகளைத் தூக்கத் தொடங்கின. "ஒரு நாய் வேணும்டி" என்றாள் குருவம்மா.

"குட்டியாப் பார்த்து எடுத்துட்டு வா ஆத்தா. நம்ம சொல் கேட்டு வளரும்" என்றது பூனை. குட்டியென்றால் தனக்கு அடங்கிக் கிடக்கும் என்று அதற்கு நினைப்பு.

சந்தைக்குப் போன குருவம்மாவின் பின்னால் வந்ததோ, வாயோரம் நரைத்த ஒரு பெரிய நாய். அதன் எசமான் பரிசலேறி அக்கரைக்குப் போனவன், திரும்பவே இல்லையாம். அன்றிலிருந்து துறையிலேயே கிடந்ததாம்.

"பேரு செவலை. கேட்டதும் இவனே சொன்னான்" என்று நாயைத் தடவினாள் குருவம்மா.

"முழுசா வளர்ந்ததையா கூட்டிட்டு வருவாங்க? நம்ம வீட்டுக்கு எப்படி ஒட்டும்?"

"குட்டி வளர்ற வரைக்கும் நரி பொறுத்திருக்குமா? குட்டின்னா வளர்க்க யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்க. இவனை யாருடி கூப்பிடுவா?"

செவலைக்கு எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வந்த அன்று மாலையே நரியை ஆற்றுமணல் வரை விரட்டியது. "என் ராசா!" என்று குருவம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூனைக்கு வயிறு எரிந்தது. அத்தனை எலி பிடித்துப் போட்டும் தன்னை ஒருநாளாவது ராசாத்தி என்றிருப்பாளா?

அதன்பின் குருவம்மா வெயில் தாழ உட்கார்ந்து செவலைக்கு உண்ணி எடுத்தாள். கருவாட்டுத் தலையை அதற்குப் போட்டாள். பூனை மடியில் ஏறினால் மடியெல்லாம் நாய் வாடை. சட்டென்று இறங்கிவிடும். செவலையோ, "நீ முதல்ல சாப்பிடு அக்கா" என்று தட்டை விட்டு விலகி நிற்கும். அந்த நல்ல குணம்தான் பூனைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மழைக்காலம் வந்து ஆறு பெருகியது. குருவம்மா ஆடுகளோடு மேய்ச்சலுக்குப் போயிருந்தாள். வீட்டில் விட்டுப்போன இளங்குட்டிகளுக்குக் காவலாக வாசலில் படுத்திருந்த செவலையிடம் பூனை போய்ச் சொன்னது: "உன் எசமான் வந்துட்டாரு. அக்கரையில நின்னு உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு."

செவலை எழுந்து நின்றது. "நெசமாவா அக்கா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

ஒரே ஓட்டமாக ஓடி அது செம்மண் வெள்ளத்தில் பாய்ந்ததைப் பூனை மேட்டிலிருந்து பார்த்தது. தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"செவலை எங்கடி?" என்று கேட்டாள் வீடு திரும்பிய குருவம்மா.

"ஓடிப்போச்சு. வளர்ந்தது நிக்காதுன்னு நான்தான் அப்பவே சொன்னேனே."

இனி மடி தனக்குத்தான் என்று பூனை காத்திருந்தது. குருவம்மா உட்காரவே இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்து நின்றாள். "ஒருத்தன் விட்டுட்டுப் போனதுக்கு அப்புறமும் என்னை நம்பி வந்தானே. நான் என்ன குறை வச்சேன்?" என்றாள். அவள் அழுது பூனை அதுவரை கண்டதில்லை.

பூனையால் தாங்க முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டது.

குருவம்மா ஆற்றுக்கு ஓடினாள். கீழே வெகுதூரத்தில் ஒரு நாணல் திட்டில் செவலை ஒதுங்கிக் கிடந்தது. இடுப்பளவு நீரில் இறங்கி, அதைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தாள். அடுப்போரம் சாக்கு விரித்துக் கிடத்தினாள்.

செவலை கண் திறந்தது. பூனையைத்தான் தேடியது. "அவரு வந்தாரா அக்கா?"

"வரலை" என்றது பூனை. "யாருமே வரலை."

செவலை கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கம் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக் குருவம்மாவின் காலடியில் வைத்துக்கொண்டது.

"உன்னை விரட்ட மாட்டேன்" என்றாள் குருவம்மா பூனையிடம். "ஆனா இனிமே நீ என்ன சொன்னாலும் என் காதுல ஏறாது."

"ஆத்தா, நானும் உன் பிள்ளைதானே?"

அவள் திரும்பவில்லை. பூனை மறுபடி சொன்னது, கெஞ்சியது. அவள் காதில் அது வெறும் 'மியாவ்' என்றுதான் விழுந்தது.

பேச்சு செல்லாது என்று புரிந்ததும் பூனை மெல்ல அருகே வந்தது. நாய் வாடை ஏறியிருந்த அவள் கணுக்காலில் கன்னத்தை வைத்துத் தேய்த்தது. பிறகு முதுகை, வாலை. குருவம்மா குனிந்து பார்க்கவில்லை. ஆனால் காலை நகர்த்தவும் இல்லை.

அன்று முதல்தான், வெளியே போய்விட்டு நாம் வீடு திரும்பும் போதெல்லாம் பூனை ஓடிவந்து காலைச் சுற்றிச் சுற்றி உரசுகிறது. நம்மேல் இருக்கும் வேறு வாடையெல்லாம் போய்த் தன் வாடை ஏறும் வரைக்கும் அது நிறுத்துவதில்லை.