சங்கிலி வீட்டுக் கதவு

உழக்குப்பட்டியில் சங்கிலி, வீரணன், மொக்கையன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் ஒரே வீடு. வீட்டுக்குக் கதவு மட்டும் இல்லை.

ஒருநாள் நாய் உள்ளே வந்து பால்சட்டியை நக்கிவிட்டுப் போனது. சங்கிலியின் பெண்டாட்டி பொன்னழகு, "கதவு போட்ட பெறகு வர்றேன்" என்று தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவளோடு வீட்டுச் சோறும் போய்விட்டது.

மூவரும் ஆசாரியிடம் ஓடினார்கள். "மரத்தூள்ல பசையைக் கலந்து தட்டுங்கப்பா. ஒவ்வொரு தூள்லயும் பசை படணும். காயிற வரைக்கும் மேல கனம் ஏத்தி வைங்க, பலகையாயிரும்" என்றார் அவர்.

வந்து மைதாவில் பசை காய்ச்சினார்கள். ஒவ்வொரு தூளாக எடுத்து முக்கினார்கள். பொழுது சாயும்போது ஒரு கைப்பிடி தேறியது.

"இது கதவுக்குப் பத்தாதுண்ணே," என்றான் மொக்கையன். "சாவி ஓட்டைக்கு வேணா ஆகும்."

மறுநாள் ஒரு மூட்டைத் தூளில் ஒரு டம்ளர் பசையை ஊற்றித் தட்டினார்கள். தூக்கியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. சங்கிலி விசாரணை வைத்தான்.

"உதிர்ந்தது எது?"

"தூளு," என்றான் வீரணன்.

"பசை உதிர்ந்துச்சா?"

"அது பாவம்ணே, கையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப தூளைக் குறைடா."

அண்டா நிறையப் பசை, ஒரு பிடித் தூள். காய்ந்ததும் அப்பளம் மாதிரி நெளிந்தது. இருந்தாலும் வாசலில் நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு ஆடு வந்து கதவைத் தின்றுவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

மறுபடியும் வந்து நின்றவர்களைப் பார்த்து ஆசாரி தலையில் அடித்துக்கொண்டு, மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசையைக் கொடுத்தார். "இதை ஆடு தொடாது. பத்துப் படி தூளுக்கு ஒரு படி பசை. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். மேல வைக்கிற கனம் எல்லா இடத்துலயும் ஒண்ணுபோல இருக்கணும்."

இந்தத் தடவை அளவு தப்பவில்லை. கனத்துக்குக் கல் தேடினார்கள். ஒன்றுபோல இரண்டு கல் கிடைக்கவில்லை. அதனால் வெற்று முதுகோடு மூன்று பேரும் தட்டி வைத்த தூள்மேல் நெருக்கியடித்துப் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

விடிந்தபோது பலகை கருங்கல்லாக இறுகியிருந்தது. அப்படி ஒரு பலகை அந்த ஊரில் யாரும் செய்ததில்லை. மூவரும் எழுந்தார்கள். அதுவும் கூடவே எழுந்தது.

"ஆணி அடிக்கிற வேலை மிச்சம்," என்றான் வீரணன்.

அப்படியே நடந்து போய், தெருவைப் பார்த்தபடி வாசலை அடைத்து நின்றார்கள்.

கதவு போட்டாச்சு என்று கேள்விப்பட்டுப் பொன்னழகு வந்தாள். மூன்று முகத்தையும் ஒரு சுற்று பார்த்தாள். பிறகு மொக்கையன் காதோரமாகப் பலகையைத் தட்டினாள்.

"யாருன்னு பாருடா," என்றான் சங்கிலி.

மொக்கையன் அண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கதவு சாத்தியிருக்கே, எப்படிண்ணே பாக்குறது?"