வெயில் தேடிய விரியன்

அரவை ஆரமாக அணிந்த அம்மையப்பன் திருவடி நம்மைக் காப்பதாக.

கேட்பீராக. மேகம் தவழும் மலையுச்சி ஒன்றில் பண்டை நாளில் ஒரு சிவன் கோயில் இருந்தது. அதன் கிழக்கு வாசற்படியில் ஒருநாள் மலைவிரியன் ஒன்று வந்து படுத்தது. தீண்டினால் உயிர் தங்காத நஞ்சு அதற்கு. படியேற அஞ்சி அர்ச்சகர் நின்றார், விளக்கு அணைந்தது.

முதல் நாள் மகுடி ஊதினார்கள், அது அசையவில்லை. இரண்டாம் நாள் புகை போட்டார்கள். போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் கல்லெறிந்தார்கள். படியோரப் பிளவில் ஒளிந்து மீண்டும் வந்தது.

மலைத்தலைவன் சேந்தன் சினந்தான். “நாளை உச்சிப்பொழுதில் மலைப்புல் முழுவதையும் கொளுத்துங்கள். பாம்பினமே ஒழியட்டும்!”

அது கேட்டு ஆடு மேய்க்கும் மாசாத்தி நடுங்கினாள். அவளுடைய நாற்பது ஆடுகளுக்கும் அந்தப் புல்லை விட்டால் வேறு கதியில்லை. ஆயினும் அவள் உள்ளத்தில் அச்சத்தினும் பெரிதாய் ஒரு கேள்வி எழுந்தது: இத்தனை இடமிருக்க, இது ஏன் இங்கே வருகிறது?

மறுநாள் விடியலிலேயே எட்ட அமர்ந்து பார்த்தாள். பனி விலகும்வரை பாம்பைக் காணோம். கதிரவன் படியைத் தொட்டதும் வந்தது. மேகம் மூடியதும் பிளவுக்குள் போயிற்று. மேகம் விலகியதும் வந்தது. அதன் வயிறு கனத்திருந்தது. சினையாட்டின் தளர்நடையை அறிந்தவளுக்கு அது போதாதா?

முன்பு எங்கே வெயில் காய்ந்திருக்கும்? படிக்கு அருகே பெரிய கரும்பாறை. அதன்மேல் சென்ற திங்களில் போட்ட ஓலைப்பந்தல். குனிந்து பார்த்தாள்; பாறையிடுக்கில் பழைய பாம்புச் சட்டை கிடந்தது.

தீப்பந்தத்தோடு வந்த சேந்தனை வழிமறித்து நின்றாள்.

“பாம்புக்குப் பரிந்து பேச வந்தாயோ?”

“ஆட்டுக்குத்தான் ஐயா. புல் எரிந்தால் அவை என்னையா மேயும்? அந்தப் பந்தலைப் பிரியுங்கள்; பாம்பு தானே போகும்.”

“அடியார் நிழலுக்காக நான் நேர்ந்து போட்ட பந்தல் அது!”

“அடியாருக்கு நிழல் கொடுத்தீர்கள். சூல் சுமக்கும் இந்தத் தாய்ப்பாம்புக்கு, அது காய்ந்த பாறையில் வெயில் போயிற்று. குளிர்ந்தால் வயிற்றுக் குட்டிகள் பிழைக்குமா?”

சேந்தன் குனிந்து, பாறையிடுக்கில் கிடந்த பாம்புச் சட்டையைக் கண்டான். பின்பு தீப்பந்தத்தைக் கோயில் சுனையில் அமிழ்த்திவிட்டு, பந்தலின் முதல் காலைத் தன் கையாலேயே பிடுங்கினான். பாறைமேல் வெயில் விழுந்தது. எல்லோரும் விலகி நின்றார்கள்.

உச்சி சாய்ந்தது. கோபுர நிழல் படியை மூடியது; பாறையில் வெயில் நின்றது. விரியன் மெல்ல இறங்கிற்று. எவரையும் ஏறிட்டுப் பாராமல் கரும்பாறையேறிச் சுருண்டு கொண்டது.

அர்ச்சகர் படியேறினார். விளக்கு எரிந்தது. அடியார்க்குரிய பந்தல் வேறிடத்தில் எழுந்தது. சில நாளில் அப்பாறையில் விரல் நீளக் குட்டிகள் பத்துப் பன்னிரண்டு வெயில் காய்ந்தன. மாசாத்தி தன் ஆடுகளைப் பாறைக்கு எட்டச் சுற்றி ஓட்டிப் போனாள்.

ஓர் உயிரைப் பகையென்று தண்டிக்குமுன், அதன் இடத்தை நாம் பறித்தோமா என்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

இக்கதை கேட்டோர் இல்லத்தில் நஞ்சு அணுகாதிருக்க. அவர்தம் மக்கள் குளிரறியாது வாழ்க.